பலாலி விமான நிலையம்: யார் நடத்துகிறார்கள், யாரிடம் கேட்பது?

வலிகாமம் வடக்கில் யாரோடு பேசினாலும் பலாலி விமான நிலையம் பற்றி இரண்டு கேள்விகள் வந்துவிடும். ஒன்று, "பெரிய பிளேன் எப்ப வரும்?" மற்றது, "அதுக்கு எங்கட காணி போகுமோ?" பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்கள் முதலாவதைக் கேட்கிறார்கள். 1990 ஜூனில் வீட்டைப் பூட்டித் திறப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியேறி, இன்னும் அந்தப் படலையைத் திறக்காதவர்கள் இரண்டாவதைக் கேட்கிறார்கள். பல குடும்பங்களில் இரண்டையும் கேட்பவர் ஒரே ஆள்தான்.

விமான நிலையம் வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதத்துக்கு நான் இங்கே வரவில்லை. சென்னைக்கு ஒரு மணித்தியாலம் சொச்சத்தில் போய் வைத்தியம் பார்த்துத் திரும்பும் ஒருவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதில் அர்த்தமில்லை. அந்த இடத்தைப் பற்றிய முடிவுகளை யார் எடுக்கிறார்கள், அவர்களை யார் கண்காணிக்கிறார்கள், காணி உறுதியை வைத்திருக்கும் ஒருவர் எந்தக் கதவைத் தட்டவேண்டும் என்பதையே எழுத முயல்கிறேன். செய்தியாளராக இந்தக் கேள்விகளோடு அலைந்தபோது எனக்கு அதிகம் கிடைத்த பதில், "அது எங்கட விசயமில்லை" என்பதுதான். சொன்னவர்களில் பலர் பொய் சொல்லவில்லை. பலாலியின் நிர்வாகம் அப்படித்தான் துண்டு துண்டாக இருக்கிறது.

ஒரு ஓடுபாதை, பல காலங்கள்

இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய வான்படைக்காக அமைக்கப்பட்ட தளம் இது. சுதந்திரத்துக்குச் சற்று முன்னர், 1947 டிசெம்பர் 10 அன்று எயார் சிலோன் தனது முதல் சேவையைத் தொடங்கியபோது விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. அந்தக் காங்கேசன்துறை விமான நிலையம்தான் பலாலி. இலங்கையின் தேசிய விமான சேவை தன் முதல் பயணத்திலேயே தொட்ட நிலம், பின்னர் முப்பது வருடங்களுக்கு மேல் வெளிநாட்டுப் பயணிகள் சேவை இல்லாத இடமாகிப்போனது.

போர்க்காலத்தில் அது விமானப்படைத் தளமாகவும் உயர் பாதுகாப்பு வலயத்தின் நடுப்பகுதியாகவும் இருந்தது. தரைப்பாதை மூடிய காலங்களில் குடாநாட்டிலிருந்து கொழும்புக்குப் போக, பாதுகாப்புத் தரப்பின் அனுமதியோடு இந்தத் தளத்தின் ஊடாகவே விமானம் ஏறவேண்டியிருந்தது. 1998 செப்ரெம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னாருக்கு அப்பால் கடலில் வீழ்ந்து, அதிலிருந்த 55 பேரும் உயிரிழந்ததை இந்த வாசகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. பலாலி என்ற சொல் எங்கள் காதுகளில் வெறும் போக்குவரத்துச் சொல்லாக ஒலிப்பதில்லை.

2019 ஜூலையில் புனரமைப்பு வேலைகள் ஆரம்பமாகின. அதே வருடம் ஒக்ரோபர் 17 அன்று அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவும் பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவும் அதை யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்துவைத்தார்கள். இந்தியா 300 மில்லியன் ரூபா கொடையாக வழங்கியது. நவம்பரில் அலையன்ஸ் எயார் சென்னைச் சேவையைத் தொடங்கியது. கொரோனாவோடு 2020 மார்ச்சில் அது நின்றது. 2022 டிசெம்பர் 12 அன்றுதான் மீண்டும் வந்தது. 2024 செப்ரெம்பர் 1 முதல் இன்டிகோ சென்னையிலிருந்தும், 2025 மார்ச் 30 முதல் திருச்சியிலிருந்தும் பறக்கிறது. இரண்டு நிறுவனங்களும் பயன்படுத்தியது ஏ.ரீ.ஆர். 72 என்ற, எழுபது எண்பது பேர் அமரக்கூடிய விசிறி விமானம்.

திறப்பு விழாவின்போது பெயர்ப்பலகையில் தமிழ் முதலாவதாக இருந்தது தெற்கில் பெரிய சர்ச்சையானது. நாங்களும் அந்தப் பலகையைப் பற்றியே பல நாட்கள் எழுதிக்கொண்டிருந்தோம். அந்தப் பலகை நட்டிருந்த நிலத்தின் சட்டநிலை என்ன என்று அதே அளவு மையைச் செலவழித்து எழுதியவர்கள் குறைவு.

உள்ளே எத்தனை பேர்?

விமானத்திலிருந்து இறங்கி வெளியே வரும் பயணி, அரை மணித்தியாலத்துக்குள் ஐந்தாறு அரச நிறுவனங்களின் எல்லைகளைக் கடக்கிறார். அவருக்கு அது ஒரே கட்டடமாகத் தெரியும்.

முனையக் கட்டடத்தையும் பயணிகள் சேவைகளையும் நடத்துவது விமான நிலைய மற்றும் விமான சேவைகள் நிறுவனம். 1983இல் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவுசெய்யப்பட்ட, முழுமையாக அரசுக்குச் சொந்தமான கம்பனி இது. கட்டுநாயக்கா, மத்தளை, இரத்மலானை, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் எல்லாம் இதன் கையில்தான். ஆகவே யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்று தனியான ஒரு நிறுவனம் கிடையாது. அது கொழும்பிலிருந்து நடத்தப்படும் ஒரு கம்பனியின் கிளை. அதற்கென்று தனிப் பணிப்பாளர் சபை இல்லை. கம்பனியின் பணிப்பாளர்களை நியமிப்பது அரசாங்கம்.

அந்தக் கம்பனி விதிகளின்படி நடக்கிறதா என்று பார்ப்பது இலங்கை சிவில் விமான சேவைகள் அதிகாரசபை. 2002ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. சர்வதேசப் பாவனைக்குரிய விமான நிலையத்துக்குச் சான்றிதழ் கொடுப்பதும், ஓடுபாதை, தீயணைப்பு, பாதுகாப்பு ஏற்பாடுகள் தரத்தில் உள்ளனவா என்று பரிசோதிப்பதும் இதன் வேலை. 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சிவில் விமானச் சட்டம் இதற்கான அதிகாரங்களைத் தருகிறது. இந்த அதிகாரசபையின் மேற்பார்வை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஐக்கிய நாடுகளின் அமைப்பான சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் காலத்துக்குக் காலம் கணக்காய்வு செய்கிறது. இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் நடத்தும் கம்பனியும் அதைக் கண்காணிக்கும் அதிகாரசபையும் ஒரே அமைச்சரின் கீழ் வருகின்றன. கடையின் முதலாளியும் தராசு பரிசோதகரும் ஒரே வீட்டில் சாப்பிடுவதுபோல என்று ஒரு சட்டத்தரணி என்னிடம் சொன்னார். அவர் கொஞ்சம் மிகைப்படுத்தினார், ஆனால் முழுக்கப் பிழையாகச் சொல்லவில்லை.

கடவுச்சீட்டில் முத்திரை குத்துபவர் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் ஆள். பையைத் திறந்து பார்ப்பவர் சுங்கத்தின் ஆள். இருவருக்கும் தனித்தனி அமைச்சு, தனித்தனிச் சட்டம். எந்த விமானம், வாரத்துக்கு எத்தனை தடவை, என்ன கட்டணத்துக்கு என்பதில் விமான நிலையத்துக்குக் கிட்டத்தட்ட எந்த அதிகாரமும் இல்லை. இரு நாடுகளுக்கிடையிலான விமான சேவை உடன்பாடு வாசலைத் திறந்துவிடும். அதற்குள் நுழைவதா இல்லையா என்பது விமான நிறுவனத்தின் வியாபார முடிவு.

ஆறாவது ஆள் விமானப்படை. பலாலியின் தனித்தன்மை இங்கேதான் தொடங்குகிறது.

சிவில் சட்டம் எங்கே நிற்கிறது?

உலகம் முழுவதும் விமானப் போக்குவரத்துக்கு அடிப்படை 1944ஆம் ஆண்டின் சிக்காகோ சமவாயம். அதன் மூன்றாவது உறுப்புரை, இந்தச் சமவாயம் சிவில் விமானங்களுக்கு மட்டுமே பொருந்தும். இராணுவம், சுங்கம், பொலிஸ் சேவைகளில் உள்ள அரச விமானங்களுக்குப் பொருந்தாது என்கிறது. இலங்கையின் சிவில் விமானச் சட்டமும் அந்த மரபில் வந்ததுதான்.

படைத்தளமும் சிவில் விமான நிலையமும் ஒரே ஓடுபாதையைப் பகிர்வது உலகில் புதுமையல்ல. இந்தியாவில் கோவா, புனே போன்ற பல இடங்களில் அப்படித்தான். ஆனால் அந்தப் பகிர்வுக்கு ஒரு விலை உண்டு. முனையத்தின் கூரை ஒழுகினால் யாரைக் கேட்பது என்பது தெளிவு. ஓடுபாதைக்கு அப்பாலுள்ள முட்கம்பி ஏன் அந்த இடத்தில் நிற்கிறது, அது விமானப் பாதுகாப்புக்கான வேலியா படைமுகாமுக்கான வேலியா என்று கேட்டால், ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். வலி வடக்கு மக்களுக்கு இந்த வித்தியாசம்தான் எல்லாம். விமான நிலையத்துக்கு எவ்வளவு நிலம் தேவை என்பதற்கு எழுத்தில் உள்ள சர்வதேச அளவுகோல் இருக்கிறது. முகாமுக்கு எவ்வளவு தேவை என்பதற்கு அப்படி ஒன்றும் இல்லை.

அந்த அளவுகோலைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது நல்லது. ஏனென்றால் "விமான நிலைய விஸ்தரிப்பு" என்ற சொல்லுக்குள் எத்தனை ஏக்கரும் அடங்கும் என்ற மாதிரித்தான் எங்களிடம் பேசப்படுகிறது.

சிக்காகோ சமவாயத்தின் 14ஆவது இணைப்பு விமான நிலையங்களின் வடிவமைப்பைப் பற்றியது. பெரிய விமானங்கள் கருவிகளின் உதவியோடு இறங்கும் ஓடுபாதைக்கு இருபுறமும், நடுக்கோட்டிலிருந்து 140 மீற்றர் வரை தடையில்லாத சமநிலம் வேண்டும். அதாவது மொத்தம் 280 மீற்றர் அகலம். ஓடுபாதையின் முனைக்கு அப்பால் 60 மீற்றர் வரை இந்தப் பட்டை நீளவேண்டும். அதற்கும் அப்பால், விமானம் தவறி ஓடினால் நிற்பதற்கான பாதுகாப்புப் பகுதி குறைந்தது 90 மீற்றர். 240 மீற்றர் இருப்பது நல்லது என்பது பரிந்துரை. பலாலி ஓடுபாதையின் முழு நீளம் ஏறத்தாழ 2.3 கிலோமீற்றர். ஓடுபாதைக்கும் அதைச் சுற்றிய பட்டைக்கும் தேவையான நிலத்தை ஒரு பாடசாலை மாணவர் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: 2.4 கிலோமீற்றர் நீளம், 280 மீற்றர் அகலம் என்றால் சுமார் 67 ஹெக்ரேயர். ஏக்கரில் ஏறத்தாழ 166. இதோடு முனையம், விமானத் தரிப்பிடம், வாகனத் தரிப்பிடம், தீயணைப்பு நிலையம் எல்லாம் சேர்த்தால் அது சில மடங்காகலாம். ஓடுபாதையை நீட்டினால் இன்னும் கூடும். இவையெல்லாம் அளந்து வரைபடத்தில் காட்டக்கூடிய தேவைகள்.

இப்போது 2013க்கு வருவோம். அந்த வருடம் ஏப்ரலில் வலி வடக்கில் ஒட்டப்பட்ட காணி சுவீகரிப்பு அறிவித்தல்கள் குறிப்பிட்ட பரப்பு 6,381 ஏக்கர். நோக்கமாகச் சொல்லப்பட்டது படைத் தலைமையகம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட காணி உரிமையாளர்கள் மேன்முறையீட்டு நீதிமன்றம் சென்றார்கள். பின்னர் கட்டங்கட்டமாகப் பல பகுதிகள் விடுவிக்கப்பட்டன. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகப் பகுதியும் 2018 ஏப்ரலில் இன்னும் அறுநூறு ஏக்கருக்கு மேலும் விடப்பட்டன. எஞ்சியிருப்பதில் எவ்வளவு விமான நிலையத்துக்கு, எவ்வளவு முகாமுக்கு என்ற கேள்விக்கு மேலே சொன்ன அளவுகோல்தான் தொடக்கப்புள்ளி. 166 என்ற எண்ணையும் 6,381 என்ற எண்ணையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால் எந்தக் கேள்வியை எவரிடம் கேட்கவேண்டும் என்பது தெளிவாகும்.

வேலிக்கு வெளியே உள்ளவர்களுக்கும் இதில் பங்குண்டு. விமானம் இறங்கும் திசையில் உயரக் கட்டுப்பாடு இருக்கும். அதே 14ஆவது இணைப்பின்படி, முதல் மூன்று கிலோமீற்றருக்கு இந்தக் கற்பனைச் சரிவு நூற்றுக்கு இரண்டு. ஐம்பது மீற்றர் தள்ளிப் போனால் ஒரு மீற்றர் உயரலாம். இருபது மீற்றர் உயரமான ஒரு வளர்ந்த பனை, சரிவு தொடங்கும் இடத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் நிற்கமுடியாது. அதற்காக அந்தக் காணியைச் சுவீகரிக்கவேண்டும் என்று இல்லை. காணி உங்களுடையதாகவே இருக்க, மரத்தின் உயரத்தை அல்லது மாடிவீட்டை மட்டும் கட்டுப்படுத்தலாம். இந்த வேறுபாடு தெரியாமல் "விமான நிலையத்துக்கு வேணுமாம்" என்ற ஒரு சொல்லுக்குக் காணியையே விட்டுக்கொடுத்ததாக எண்ணிக்கொள்பவர்களைச் சந்தித்திருக்கிறேன்.

வடக்குக்கு இதில் என்ன இடம்?

மிகச் சின்ன இடம். பதின்மூன்றாவது திருத்தத்தின் ஒன்பதாவது அட்டவணையில் விமானப் போக்குவரத்தும் விமான நிலையங்களும் மத்திக்கு ஒதுக்கப்பட்ட நிரலில் இருக்கின்றன. வடக்கு மாகாண சபை இருந்தபோதும் அது பலாலியை நடத்தும் அதிகாரத்தைக் கொண்டிருக்கவில்லை. 2018 ஒக்ரோபரில் அதன் காலம் முடிந்தது. அதன் பிறகு தேர்தலே இல்லை. பிரதேச சபைக்குக் கட்டட அனுமதி, வீதி, கழிவு என்ற வேலைகள் உண்டே தவிர ஓடுபாதையில் வாய்ப்பில்லை. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் விடயத்தை எழுப்பலாம், பதில் கேட்கலாம், கூட்டக்குறிப்பில் பதியச் செய்யலாம். முடிவு எடுப்பது அங்கே அல்ல.

இப்படித்தான் எல்லா நாட்டிலும் இருக்கும் என்று நினைக்கவேண்டாம். இங்கிலாந்தில் மன்செஸ்டர் விமான நிலையத்தை வைத்திருக்கும் குழுமத்தில் பெரும்பான்மைப் பங்கு அப்பகுதியின் பத்து உள்ளூராட்சி சபைகளுக்கு உரியது. மன்செஸ்டர் மாநகர சபைக்கு மட்டும் 35.5 வீதம். அந்த நாட்டின் 1982ஆம் ஆண்டு சிவில் விமானச் சட்டம், குறித்த விமான நிலையங்கள் பாவனையாளர்களோடும் உள்ளூராட்சி சபைகளோடும் அயலில் வசிப்பவர்களின் அமைப்புகளோடும் கலந்தாலோசிக்க வசதி செய்யவேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. இரைச்சலா, வீதி நெரிசலா, விஸ்தரிப்பா, அந்த மேசையில் பேசவேண்டும்.

எங்களுக்குக் கிட்டவாக ஓர் உதாரணம் கொச்சி. 1999இல் திறக்கப்பட்ட அந்த விமான நிலையத்தின் பெரிய பங்குதாரர் கேரள மாநில அரசு. வெளிநாடுகளில் உழைத்த மலையாளிகள் ஆயிரக்கணக்கில் பங்கு வாங்கினார்கள். மாநில முதலமைச்சர்தான் கம்பனியின் தலைவர். புலம்பெயர்ந்தவர்களின் பணத்தை வடக்கின் அபிவிருத்திக்குக் கொண்டுவருவது பற்றி ஒவ்வொரு அரசாங்கமும் பேசுகிறது. பணத்தோடு ஒரு வாக்கும் வரும் என்ற கொச்சியின் பகுதியை யாரும் பேசுவதில்லை.

காசுக்கு யார் கணக்கு?

விமான நிலையக் கம்பனி அரசுக்குச் சொந்தமானது என்பதால், அது கம்பனிச் சட்டத்தின் கீழ் இருந்தாலும் கணக்காய்வாளர் நாயகத்தின் கணக்காய்வுக்கு உட்பட்டது. அரசு 50 வீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் கம்பனிகளுக்கு இது அரசியலமைப்பின் விதி. அந்த அறிக்கைகளை வைத்து நாடாளுமன்றத்தின் கோப் குழு நிறுவனத் தலைவர்களைக் கூப்பிட்டு விசாரிக்கலாம். விமானப்படையோ வரவு செலவுத் திட்டத்தில் பாதுகாப்பு அமைச்சின் கீழ் ஒரு திணைக்களமாக வருவது. திணைக்களங்களை விசாரிப்பது கோபா என்ற வேறொரு குழு. ஒரே ஓடுபாதையின் ஒரு பக்கம் கோப்புக்கு, மறுபக்கம் கோபாவுக்கு. உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் பலாலி பற்றிக் கேட்கப் போகும்போது இது தெரிந்திருந்தால், "பாக்கிறன்" என்ற ஒரு சொல்லோடு உங்களை அனுப்பமுடியாது.

மத்தளையை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்கமுடியவில்லை. 2013 மார்ச்சில் திறக்கப்பட்டது. 209 மில்லியன் டொலர் செலவில் 190 மில்லியன் சீனக் கடன். பயணிகள் வரவில்லை. அந்த நட்டத்தையும் இதே கம்பனியே சுமந்தது. வருடக்கணக்காகக் கணக்காய்வு அறிக்கைகள் எழுதப்பட்டன, கோப் குழு கேட்டது, பத்திரிகைகள் எழுதின. கட்டி முடித்த பிறகு வரும் கண்காணிப்பு எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் அது பிரேத பரிசோதனைதான். பலாலியில் அடுத்த கட்ட வேலை தொடங்குமுன் கேட்கவேண்டியது இதுதான்: எந்த விமானம், எத்தனை பயணிகள், எத்தனை மீற்றர், எத்தனை ஏக்கர்.

தொடங்குமுன் கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவை எங்கள் பக்கத்தில் யாரும் அதிகம் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. ஒரு செயற்றிட்டம் ஆரம்பிப்பதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர், அது பற்றிய தகவல்களைப் பொதுமக்களுக்கும், குறிப்பாக அதனால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் தெரியப்படுத்துவது பொறுப்பான அமைச்சரின் கடமை என்று அது சொல்கிறது. வெளிநாட்டு நிதி என்றால் ஒரு இலட்சம் டொலருக்கு மேற்பட்ட திட்டங்கள், உள்நாட்டு நிதி என்றால் ஐந்து இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்டவை. ஒரு விமான நிலைய விஸ்தரிப்பு இந்த எல்லைக்குள் வராமல் போக வழியே இல்லை.

சாதாரண தகவல் கோரிக்கையும் உண்டு. அரசு 25 வீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் கம்பனிகளும் இந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. ஆகவே விமான நிலையக் கம்பனியிடம் நேரடியாகவே கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று தீர்மானிக்கவேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதன் பிறகு இரண்டு மாதங்களுக்குள் ஆணைக்குழு. காணி தொடர்பாக நான் ஒருமுறை ஓர் அலுவலகத்துக்கு இப்படி எழுதியபோது, தேசிய பாதுகாப்பு என்ற இரண்டு சொற்களோடு கடிதம் திரும்பி வந்தது. அந்த விதிவிலக்கு சட்டத்தில் இருக்கிறது, உண்மை. ஆனால் அதே 5ஆம் பிரிவு, வெளிப்படுத்துவதன் பொதுநலன் தீங்கைவிட மேலோங்கினால் தகவலைத் தரவேண்டும் என்றும் சொல்கிறது. அதோடு, கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். "முகாம் எங்கே இருக்கிறது" என்று கேட்டால் ஒரு பதில். "சிவில் விமான நிலையத்துக்குத் தேவை என்று அதிகாரசபைக்குச் சமர்ப்பிக்கப்பட்ட எல்லை வரைபடத்தின் பிரதி" என்று கேட்டால், அதைப் பாதுகாப்பு இரகசியம் என்று மறுப்பது அவ்வளவு எளிதல்ல.

புலம்பெயர்ந்தவர்களுக்கு ஒரு குறிப்பு. இந்த உரிமை இலங்கைப் பிரஜைகளுக்கு உரியது. குடியுரிமையை இழந்தவர்கள் தனியாகக் கேட்கமுடியாது. ஆனால் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பிரஜைகளாக உள்ள சங்கமொன்று கேட்கலாம். ஊர் அபிவிருத்திச் சங்கமோ மீள்குடியேற்றச் சங்கமோ இதற்குப் போதும்.

அறிவித்தல் ஒட்டப்பட்டால்

பலாலியைச் சுற்றியுள்ள காணிகள் எல்லாம் ஒரே சட்டநிலையில் இல்லை. போருக்கு முன்னரே முறைப்படி எடுக்கப்பட்டவை உண்டு. எந்த நடைமுறையும் இல்லாமல் படையினரால் பிடிக்கப்பட்டு, உறுதி இன்னும் உரிமையாளரிடமே இருப்பவை உண்டு. அறிவித்தல் கொடுக்கப்பட்டு நடைமுறை முடிவடையாதவையும் உண்டு. உங்கள் காணி எந்த வகை என்று பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேட்டு வைத்திருங்கள். பிடித்துவைத்திருப்பது வேறு, சுவீகரிப்பது வேறு. முப்பத்தைந்து வருடம் உள்ளே விடாமல் இருந்ததால் காணி அரசுக்குச் சொந்தமாகிவிடாது.

1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டத்தில் 2ஆம் பிரிவு அறிவித்தல் முதற்படி. அது காணியை எடுத்துவிட்டோம் என்பதல்ல. பொருத்தமா என்று பார்க்க அளக்கப்போகிறோம் என்பது. 4ஆம் பிரிவு அறிவித்தல் வந்தால்தான் ஆட்சேபனைக்கான சட்டபூர்வமான இடம் திறக்கிறது. அதற்குக் கொடுக்கப்படும் காலம் பதினான்கு நாட்களாக மட்டும்கூட இருக்கலாம். ஆட்சேபனை அமைச்சின் செயலாளருக்கு எழுத்தில் போகவேண்டும். அதைக் கடந்து 5ஆம் பிரிவின் கீழ் வர்த்தமானியில் பிரகடனம் வந்துவிட்டால், அந்தக் காணி பொதுத் தேவைக்கு வேண்டும் என்பதற்கு அதுவே முடிவான சான்றாகிவிடுகிறது. பிறகு பேசுவது நட்டஈட்டைப் பற்றி மட்டும்தான். அவசரம் என்று சொல்லி 38ஆம் பிரிவின் காப்பு வாசகத்தின் கீழ் முன்கூட்டியே கைப்பற்றவும் வழியிருக்கிறது; அதை நீதிமன்றில் எதிர்ப்பதானால் தாமதிக்கக்கூடாது.

அறிவித்தலில் முதலில் பார்க்கவேண்டியது நோக்கம். மனெல் பெர்னாண்டோ எதிர் டி.எம். ஜயரத்ன என்ற வழக்கில் 2000ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம், 2ஆம், 4ஆம் பிரிவு அறிவித்தல்களில் பொதுத் தேவை என்னவென்று வெளிப்படுத்தப்படவேண்டும் என்று தீர்த்தது. 'பொதுத் தேவை' என்று மட்டும் எழுதினால் போதாது. விமான நிலையம் என்று எழுதினால் அது விமான நிலையமாக இருக்கவேண்டும். முன்னே சொன்ன அளவுகோல்களோடு ஒப்பிட்டுக் கேட்கலாம். படைமுகாம் என்று எழுதினால், ஆட்சேபனையின் வாதங்கள் வேறு. எடுத்த காணி பொதுத் தேவை எதற்கும் பயன்படுத்தப்படாமலும், நட்டஈடு கொடுபடாமலும், அதில் மேம்பாடு எதுவும் செய்யப்படாமலும் இருந்தால், உரிமையாளரின் எழுத்துச் சம்மதத்தோடு அதைத் திருப்பிக் கொடுக்க 39அ பிரிவு அமைச்சருக்கு அதிகாரம் தருகிறது. இந்தப் பிரிவை உங்கள் கடிதத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள்.

2025 ஏப்ரல் 10 அன்று வசாவிளான் – பலாலி வீதி பல தசாப்தங்களுக்குப் பிறகு திறக்கப்பட்டபோது, காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரை என்ற நேரக் கட்டுப்பாடும் இடையில் நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது என்ற நிபந்தனைகளும் போடப்பட்டன. ஒரு பொது வீதிக்கு அந்த நிபந்தனைகளை எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் யார் போட்டார்கள் என்பதும் தகவல் கோரிக்கையாக அனுப்பக்கூடிய கேள்விதான். அனுப்புபவர்கள் அந்த ஒரு கேள்வியை மட்டும் அனுப்புங்கள். பத்துக் கேள்விகளை ஒரு கடிதத்தில் வைத்தால் பத்தாவது கேள்வியைக் காரணம் காட்டி முதலாவதையும் இழுத்தடிப்பார்கள்.

அளவைக் கற்கள் திடீரென்று ஒரு காலையில் உங்கள் வளவோரம் நட்டிருந்தால், அவற்றைப் பிடுங்கவேண்டாம். கல்லின் இலக்கத்தையும் மரத்தில் ஒட்டிய அறிவித்தலையும் அதன் திகதி தெரியும்படி கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். அறிவித்தலில் எந்தப் பிரிவு, எந்த நோக்கம், வரைபட இலக்கம் என்ன என்று பாருங்கள். கிராம அலுவலரிடம் பிரதி கேளுங்கள். அது 4ஆம் பிரிவு அறிவித்தலாக இருந்தால், ஆட்சேபனைக்கான கடைசித் திகதி அதிலேயே எழுதியிருக்கும். கனடாவில் உள்ள தம்பியிடமும் பிரான்சில் உள்ள அக்காவிடமும் கையெழுத்து வாங்க அதற்குள்தான் நேரம்.